வெயிலும் மண்பானையும் போதும்!

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். கறுப்பு-வெள்ளைப் புகைப்படக் கலையில் புதிதாக இறங்குகிறவர்களில் பலர், படம் சரியாக விழாவிட்டால் காமிராவின் மீது பழியைப் போடுகிறார்கள். உடனே கடன் வாங்கியாவது இன்னொரு லென்ஸ்! ஆனால் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் இருப்பவருக்கு முக்கியமான சாதனங்கள் காசில்லாமலே கிடைக்கின்றன.

ஒன்றையே பழகுங்கள்

1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது, பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். உலகப் புகழ் பெற்ற அவர் பெரும்பாலும் கையாண்டது ஒரு சிறிய லைக்கா காமிராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும்தான். பிளாஷ் விளக்கை அவர் விரும்பியதில்லை. லைக்கா மலிவானதல்ல, ஆனால் பாடம் விலையில் இல்லை, ஒன்றையே பழகியதில் இருக்கிறது. நம் நாட்டில் தயாரான அக்பா கிளிக் 3 என்ற எளிய காமிராவும், சுருளுக்குப் பன்னிரண்டு படமாக, எத்தனையோ குடும்ப ஆல்பங்களை நிரப்பியது.

பழைய காமிரா வாங்குகிறவர் மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். ஷட்டர் ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா? லென்ஸில் பூஞ்சணம் பூத்திருக்கிறதா? பின்கதவில் வெளிச்சம் கசிகிறதா? மிச்சப்படும் பணம் பிலிமுக்கு ஆகும். உதகையில் 1967 முதல் 'இந்து' பிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இன்று இயங்கவில்லை. பெரும்பாலும் வெளிநாட்டுச் சுருள்களையே நம்ப வேண்டியிருப்பதால், வீணாகும் ஒவ்வொரு படமும் பணம்தான்.

சூரியனே மீட்டர்

கரிசல் பூமியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பளிச்சென்று வெயில் அடிக்கும்போது லென்ஸின் துவாரத்தை எப்-16இல் வைத்து, பிலிமின் வேக எண்ணையே ஷட்டருக்கும் கொடுக்கலாம். 125 வேகப் பிலிமுக்கு 1/125 விநாடி. மேகம் மூடினால் எப்-8. தாழ்வாரத்து நிழலில் எப்-5.6 அல்லது 4.

உச்சி வெயிலில் கண்கள் இருண்ட குழிகளாகிவிடும். பாட்டியைப் படம் எடுப்பதென்றால் திண்ணை நிழலில் உட்கார வைத்து, எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். முகம் மலர்ந்துவிடும்.

சிவகாசி வாணத்தையும் எளிதாகப் பிடிக்கலாம். காமிராவை முக்காலியில் நிறுத்தி, 100 வேகப் பிலிமுக்கு எப்-11 வைத்து, 'பி' குறியில் ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைத்தால் போதும்.

பானைத் தண்ணீரின் மகிமை

கழுவுவதற்கு டி-76 என்ற மருந்து 1927 முதல் வழக்கில் உள்ளது. லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். முதலில் கரைய வேண்டியது மெட்டால். சல்பைட் மிகுந்த நீரில் அது எளிதில் கரையாது. சமையல் பாத்திரங்களை இதற்குத் தொடக் கூடாது.

தொல்லை கொடுப்பது உஷ்ணம். 20 டிகிரியில் 8 நிமிஷம் கேட்கும் பிலிம், 24 டிகிரியில் சுமார் ஐந்தரை நிமிஷத்தில் முடிந்துவிடும். முப்பதைத் தாண்டினால் பிலிமின் மேற்பூச்சே இளகக்கூடும். இங்கேதான் மண்பானை கைகொடுக்கிறது. காற்று வறண்டிருக்க இருக்க, பானை நீர் நன்றாகக் குளிரும். இரவே பானையில் நீர் நிரப்பி, விடியற்காலையில் அந்த நீரில் மருந்துப் புட்டிகளை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்து நேரம் கணக்கிட வேண்டும்.

தண்ணீருக்கும் சிக்கன வழி உண்டு. கெட்டிப்படுத்தும் சரக்கு சேராத பிக்ஸரில் ஊறிய பிலிமை, தொட்டியில் நீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். நீரை மாற்றி 10 முறை. மீண்டும் மாற்றி 20 முறை. குழாயைத் திறந்துவிட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு காமிரா, ஒரு பிலிம், ஒரு மருந்து என்று ஆறு மாதம் பழகிப் பாருங்கள். அதன் பிறகும் புது லென்ஸ் வேண்டுமென்று தோன்றினால், எதற்காக என்பதாவது தெரிந்திருக்கும். அதற்குள் பாட்டியின் படம் சுவரில் ஏறியிருக்கும்!