தடுப்பூசிக்குப் பின்னும் கொப்புளிப்பான்

கொப்புளிப்பானுக்குத் தடுப்பூசி இடப்பெற்ற பிள்ளைக்கு அந்நோயே வந்துவிடின், ஊசி பொய்த்துவிட்டது எனப் பெற்றோர் முடிவு கட்டிவிடுவர். நாலைந்து தடிப்புக்களைக் கண்டு, ஊசியிட்ட பிள்ளையாதலின் இது பூச்சிக்கடியே என ஒதுக்கிவிடுவாரும் உளர். இரு முடிபும் பிழையே. எனினும் பின்னையது பிறர்க்கும் தீங்கு விளைப்பது.

இத்தடுப்பூசி யப்பான் நாட்டில் தோன்றியது. தம் மகன் இந்நோயாற் கடுமையாக வருந்தக் கண்ட மிச்சியாக்கி தக்காகாசி என்னும் அறிஞர், 'ஓக்கா' எனப் பெயரிய வைரசு இனத்தை உயிரணுக்களிற் பன்முறை வளர்த்து வலிகுன்றச் செய்து, 1974 ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டார். எனவே, ஊசியில் உள்ளது இறந்த வைரசு அன்று; வலிகுன்றிய உயிர் வைரசாகும். அது உடலிற் சிறிது பெருகினாலன்றி எதிர்ப்பாற்றல் எழாது. சிலரிடத்து முதலூசியால் அவ்வாற்றல் போதிய அளவு உண்டாவதில்லை; வேறு சிலரிடத்து உண்டானதும் ஆண்டுகள் செல்லத் தளர்தல் கூடும். ஒருமுறை இடும் ஊசி, நோயுறும் வாய்ப்பினை நூற்றுக்கு 80 பங்கிற்குச் சற்று மேலாகக் குறைக்கின்றது. எஞ்சிய பங்கிலேதான் இச்சிக்கல் பிறக்கின்றது.

ஊசியிட்டு 42 நாட்கள் கழிந்தபின், புறத்தேயுள்ள இயற்கை வைரசினால் உண்டாவதையே மருத்துவர் காப்பினை மீறிய தொற்று என வகுப்பர். ஊசியிடாத பிள்ளையின் உடலிற் பொதுவாக 250 முதல் 500 வரை கொப்புளங்கள் எழும், காய்ச்சலும் உடன்வரும். மீறிய தொற்றிலோ அவை பெரும்பாலும் 50 இற்குக் குறைவாம். நீர்கோத்து முதிராது செந்தடிப்பாகவே நின்று மறைவதும் உண்டு. கொப்புளமே இல்லாத கொப்புளிப்பான்! தேர்ந்த மருத்துவரும் இங்கு மயங்குதல் வியப்பன்று. ஆயினும், ஓரூசி பெற்று நோயுற்றாருள் நாலிலொரு பங்கினர்க்கு அது ஊசியிடாதார்க்கு வருவது போன்றே தோன்றும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1995 இல் இவ்வூசி பொதுவழக்கிற்கு வந்தது. அந்நாட்டின் நியூ காம்சயர் மாநிலத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையமொன்றில் 2000 ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது பலர் கருத்தையும் மாற்றியது. ஆங்கிருந்த 88 பிள்ளைகளுள் 25 பேர் நோயுற்றனர். நோயை முதலிற் கொணர்ந்த பிள்ளை மூன்றாண்டுகளுக்கு முன் ஊசி பெற்ற, நலமிக்க பிள்ளை. முன்னர் இந்நோய் வாராத வகுப்புத் தோழருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அப்பிள்ளையிடமிருந்து அது பரவிற்று. அந்நிலையத்தில் ஊசியின் காப்பு நூற்றுக்கு 44 ஆகவே காணப்பட்டது. அவ்வெண்ணை மட்டும் எடுத்துக்காட்டி ஊசியைப் பழிப்பது நேர்மையாகாது. நடுத்தரமான, கடுமையான நோய்க்கு எதிராக அதே ஊசி நூற்றுக்கு 86 பங்கு காத்தது.

இத்தகைய அனுபவங்களின் பின், 2006 இல் அந்நாட்டு ஆலோசனைக் குழுவினர் இரண்டாம் ஊசியையும் விதித்தனர். முதலாவது 12 முதல் 15 மாதத்துள். அடுத்தது நாலு முதல் ஆறு வயதினுள். முதலூசி பயன்படாதவர்க்கு அது மறுவாய்ப்பாகும்; பயன்பட்டவர்க்கோ எதிர்ப்பினை உயர்த்தும்.

50 இற்குக் குறைந்த கொப்புளங்களுடைய, ஊசி பெற்ற பிள்ளை, ஊசியிடாத பிள்ளை பரப்புவதில் மூன்றிலொரு பங்களவே நோயைப் பரப்பும். மூன்றிலொரு பங்கெனினும் அது சிறிதன்று. அதே வகுப்பில் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்துண்ணும் பிள்ளை ஒன்று இருத்தல் கூடும். உயிர் வைரசு கொண்ட இவ்வூசியை அக்காலத்து அப்பிள்ளைக்கு இடுதல் பொதுவாகத் தகாது. கருவுற்ற ஆசிரியைக்கும் இஃது ஒக்கும். ஆதலின் தடிப்புச் சிலவே ஆயினும் பிள்ளையை வீட்டில் நிறுத்துதல் வேண்டும். கொப்புளங்கள் யாவும் பொருக்காகும் வரை என்பது பொதுவிதி. பொருக்கே உண்டாகாத இவ்வகை நோயில், 24 மணி நேரத்துட் புதிய தடிப்பு எதுவும் எழாமையே அளவாகும்.