ஓட்டுப் போட்டவர் தப்பினார், போடாதவர் மாட்டினார்

1993 ஜூலை 28. பிரதமர் நரசிம்ம ராவின் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் மக்களவையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக 251 ஓட்டு, எதிராக 265. பெரும்பான்மை இல்லாத அரசு 14 ஓட்டு வித்தியாசத்தில் பிழைத்துக்கொண்டது. அதைக் கரையேற்றியவர்களில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் நான்கு எம்.பி.க்களும் உண்டு, அவர்களில் ஒருவர் கட்சித் தலைவர் ஷிபு சோரன். பணம் கைமாறியதாகப் பின்னர் புகார் எழுந்தது. சிபிஐ வழக்குப் போட்டது. நால்வரில் ஒருவரான சைலேந்திர மஹதோ அப்ரூவராகவே மாறினார்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, பணம் வாங்கினார்களா என்பது அங்கே கேள்வியாக இல்லை. வாங்கியே இருந்தாலும் வழக்குத் தொடர முடியுமா என்பதுதான் கேள்வி.

அரசியல் சாசனத்தின் 105வது பிரிவு எம்.பி.க்களுக்கு ஒரு பாதுகாப்பைத் தருகிறது. அவையில் பேசிய பேச்சுக்கோ போட்ட ஓட்டுக்கோ எந்த நீதிமன்றமும் அவர்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. எம்.எல்.ஏ.க்களுக்கு இதையே 194வது பிரிவு தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆட்சியாளரையோ பெருமுதலாளியையோ அவையில் தோலுரித்த உறுப்பினர், மறுநாள் அவதூறு வழக்குக்காகக் கோர்ட்டுப் படியேறக் கூடாது அல்லவா? மன்னரின் கோபத்திலிருந்து உறுப்பினரின் நாவைக் காக்க 1689இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட உரிமைதான் இதற்கு மூதாதை.

அந்தக் கேடயம் லஞ்சத்தையும் மறைக்கும் என்று 1998 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. மூவர் அந்தப் பக்கம். மற்ற இரு நீதிபதிகளான அகர்வாலும் ஆனந்தும் மறுத்தார்கள். லஞ்சத்துக்கும் ஓட்டுக்கும் தொடர்பு இருப்பதால், அதைப் பற்றிய வழக்கு ஓட்டைப் பற்றிய வழக்காகிவிடும் என்பது மூவரின் தர்க்கம். விளைவைப் பாருங்கள்: ஓட்டுப் போட்ட எம்.பி.க்களுக்குப் பாதுகாப்பு. அதே வழக்கில் சிக்கி, அன்று ஓட்டே போடாத எம்.பி. அஜித் சிங்குக்குப் பாதுகாப்பு இல்லை! அதாவது, வாங்கிய காசுக்கு விசுவாசமாக நடந்தவர் மீது வழக்கில்லை. வாங்கிவிட்டு ஏமாற்றினால் வழக்கு உண்டு. கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் கேடயம் கிடைக்கவில்லை. ராவுக்கு 2000இல் தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2002இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்த விநோதம் நாட்டின் சட்டமாக ஏறத்தாழ 26 ஆண்டுகள் நீடித்தது. அதை முடித்துவைத்த வழக்கும் அதே குடும்பத்திலிருந்துதான் வந்தது. 2012இல் ஜார்க்கண்டில் மாநிலங்களவைத் தேர்தல். ஷிபு சோரனின் மருமகளும் எம்.எல்.ஏ.வுமான சீதா சோரன் ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் பணம் வாங்கியதாக வழக்கு. தான் சொந்தக் கட்சி வேட்பாளருக்கே ஓட்டுப் போட்டதாகச் சொன்ன அவர், மாமனாரைக் காத்த அதே தீர்ப்பின் நிழலில் ஒதுங்கப் பார்த்தார்.

2024 மார்ச் 4 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகப் பழைய தீர்ப்பை ரத்து செய்தார்கள். லஞ்சத்தை வாங்கிய உடனேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது. பிறகு ஓட்டு யாருக்குப் போனது, போடப்பட்டதா என்பதெல்லாம் பொருட்டல்ல. சிறப்புரிமை அவையின் பணி நடப்பதற்குத் தேவையானது மட்டுமே, உறுப்பினரின் தனிச்சொத்து அல்ல என்றது தீர்ப்பு.

கேடயத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் முயற்சி லஞ்சத்தோடு நிற்கவில்லை. 2015இல் கேரளச் சட்டமன்றத்தில் பட்ஜெட்டைத் தடுக்க நடந்த அமளியில் மைக்கும் கணினியும் நாற்காலியும் உடைந்தன. உடைத்த எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்கைத் திரும்பப் பெற மாநில அரசே முயன்றது. பொருளை உடைப்பது பேச்சுரிமை ஆகாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்கும் வெகு முன்பே, 1979இல், கருணாநிதி தொடர்ந்த வழக்கில், முதலமைச்சரும் சட்டப்படி பொது ஊழியரே, ஊழல் வழக்கு அவர் மீதும் பாயும் என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது.

ஆனாலும் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. பதவியில் இருப்பவர் மீதான ஊழல் வழக்கை நீதிமன்றம் ஏற்க, உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அந்த முடிவை மூன்று மாதத்துக்குள் எடுக்க முயல வேண்டும் என்று 2018இல் சட்டத் திருத்தம் வந்தது. ஒரே கையெழுத்துக்காக வழக்குகள் காத்துக் கிடக்கும் நாட்டில், பொய் வழக்கிலிருந்து காக்க வந்த இந்த ஏற்பாடு தாமதத்துக்கே வசதியாகிப் போவது இயல்பு.

வழக்கும் தண்டனையும் நீதிமன்றத்தின் வேலை. வாக்காளர் கையிலும் ஒன்று இருக்கிறது. வேட்பாளர் ஒவ்வொருவரும் தன் மீதுள்ள வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். அது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். வழக்குள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்பதைக் கட்சிகள் வெளியிட வேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணம் ஆகாது என்றும் 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அந்தக் காரணத்தைக் கேளுங்கள்.