மண்ணின் நஞ்சை உரைக்கும் உயிர்கள்

மண்ணில் நஞ்சு கலந்துளதா என அறிய இரசாயனப் பகுப்பாய்வு ஒன்றே போதுமென எண்ணுவோர் பலர். எப்பொருள் எவ்வளவு உளது என்பதனை அது கூறும். அப்பொருள்கள் ஒருங்குகூடி உயிர்க்கு இழைக்கும் தீங்கினைக் கூறாது. அதனைக் கூறவல்லது உயிரே.

நம் நாட்டிலும் இதற்குத் தேவை உண்டு. சுன்னாகத்தில் மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமைக்காக, 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. இவ்வாறு மாசுற்ற இடங்களின் மண்ணைச் சோதிக்க மண்புழுவும் வெங்காயமும் உதவுவன. ஐயத்துக்குரிய மண்ணில் மண்புழுக்களை 14 நாள் விட்டு, இறந்தவற்றை எண்ணுவர். அம்மண் ஊறிய நீரில் வெங்காயத்தை வைத்து, வேரின் வளர்ச்சியை அளப்பர். வெங்காய வேரை இத்தகைய சோதனைக்கு 1938இல் கையாண்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லெவான் ஆவர்.

எனினும், ஒப்புநோக்குதற்கு நஞ்சற்ற மண்ணும் வேண்டும். முள்ளிக்குளம் போன்ற கரையோர ஊர்களில் உவர் மிகுந்தவிடத்து, அதுவே வேரைக் கருக்கிவிடும். ஆதலின் அத்தகைய மணலும் உவரும் உடைய தூய மண்ணையும் உடன்வைத்துச் சோதித்தல் வேண்டும். அன்றேல், உப்பின் குற்றம் நஞ்சின்மேல் ஏறி நன்னிலம் வீணே கைவிடப்படும். அல்லது நஞ்சின் குற்றம் உப்பின்மேல் ஏறி, அந்நிலத்திலேயே நம்மவர் பயிரிட்டு உண்பர்.