தரங்கம்பாடிக் கடற்கரை அகழ்வைப்பகங்களும் இலக்கிய ஆய்வும்

இலக்கியம் பயில்வோர் அருங்காட்சியகங்களை நாடிச் செல்லும் வழக்கம் நம் துறைகளில் வளர்ந்து வருகின்றது. இது போற்றத்தக்கதே. ஆயினும், செல்வோருட் பலர் நூலிற் படித்த ஒன்றற்குச் சான்று கண்டோம் என்னும் மகிழ்ச்சியோடு மீளுகின்றனரேயன்றி, காட்சியில் உள்ள பொருள் தானே கூறுவது யாது என வினவுவதில்லை. அதனால், பொருள் சொல்லாததைச் சொல்லியதாகக் கொள்ளும் குறை ஆய்வேடுகளில் நுழைகின்றது. காட்சிப் பொருள் ஒவ்வொன்றையும் நோக்கி மூன்று வினாக்கள் எழுப்பப்பெறல் வேண்டும். அஃது எங்கே, எவ்வாறு கிடைத்தது? அதன் காலம் எவ்வழியால் துணியப்பட்டது? அதனை அங்கு வைத்தோர் எந்நோக்கில் வைத்தனர்? இவ்வினாக்களின் பயனைத் தரங்கம்பாடியையும் அதன் வடக்கே கடலோரத்திலுள்ள பூம்புகாரையும் கொண்டு ஈண்டு விளக்க முயல்வாம்.

1. கோட்டையும் கோயிலும்

தரங்கம்பாடிக் கோட்டை, தஞ்சை இரகுநாத நாயக்கரோடு டேனியர் சார்பில் ஓவே யெட்டே என்பார் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாக எழுந்தது. 1845-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்கப்படும்வரை ஊர் டேனியர் கையில் இருந்தது. இன்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் அக்கோட்டையில் அமைந்துள்ளது. டேனிய ஆவணங்கள், பீங்கான், கண்ணாடிப் பொருள்கள், சீனத்துத் தேயிலைச் சாடிகள், சுடுமண் உருவங்கள், வாள், ஈட்டி, சிறு பீரங்கிக் குண்டுகள், திமிங்கில எலும்பு ஆகியன ஆங்குக் காணப்படும்.

கோட்டைக்குள் வைக்கப்பட்டமையால் இவையனைத்தும் கோட்டையின் வரலாற்றையே கூறுவனபோல் தோன்றும். ஆயின், சீனக் கலங்கள் இக்கரைக்கு ஐரோப்பியரோடு வந்தவை அல்ல. தெற்கே பெரியபட்டினத்து அகழாய்வு 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனக் கலவோடுகளை வெளிக்கொணர்ந்துள்ளது. ஆகவே, சீனச் சாடி ஒன்று டேனியர் கொணர்ந்ததோ, அவர்க்கு முற்பட்டதோ என்பதனை அதன் வடிவும் கிடைத்த இடமுமே உணர்த்தவல்லன. அஃது இன்று வைக்கப்பட்டுள்ள கட்டடம் உணர்த்தாது.

ஊரின் தொன்மையும் கோட்டைக்கு வெளியே உள்ளது. நடந்து செல்லும் தொலைவில், கடல் அரித்துவந்த கரையில், மாசிலாமணிநாதர் கோயில் நிற்கின்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து அக்கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. அதன் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கின்றது. கோட்டையை மட்டும் கண்டு மீள்வார்க்கு ஊரின் வரலாறு 1620-இல் தொடங்கும். கோயிலையும் கண்டார்க்கு அதற்கு முன்னர் மூன்று நூற்றாண்டுகள் விரியும். உடன்படிக்கைக் காலத்தில் நாயக்கர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு விடுத்த பொன்னேட்டு மடல் தமிழில் எழுதப்பட்டது என்பதும், அது கோபன்கேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது என்பதும் நினைக்கத்தக்கன. ஊரின் சான்றுகள் ஊரிலேயே இருக்கும் என்று எண்ணுதற்கில்லை.

2. சீகன்பால்கு இல்லம்

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு வாழ்ந்த இல்லம் 2017 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. தமிழ் அச்சுக்கலை வரலாறு பயில்வோர்க்கு இஃது இன்றியமையாத இடம். 1713-இல் தமிழ் எழுத்துகள் செருமனியின் ஆலே நகரிலிருந்து வந்து சேர்ந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாயிற்று. இலத்தீனில் எழுதப்பட்ட தமிழ் இலக்கணம் 1716-இல் ஆலேயில் வெளிவந்தது.

ஈண்டு மூன்றாம் வினா முதன்மை பெறுகின்றது. ஒருவர் பெயரால் அமைந்த இல்லம் அவரை நடுவணாகக் கொண்டு வரலாற்றைக் கூறுதல் இயல்பே. ஆயின், 1708-இல் அவர் தொகுத்த தமிழ்ச் சுவடிப் பட்டியல் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைக் குறிக்கின்றது. இரண்டாண்டுகளில் அயலார் ஒருவர் அத்துணைச் சுவடிகளைத் தேடிப் பெறவும் படித்துணரவும் வேண்டுமாயின், சுவடிகளைக் காத்தோரும், விற்றோரும், படியெடுத்தோரும், பொருள் உரைத்தோரும் அருகில் இருந்திருத்தல் வேண்டும். கும்பினியின் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பனும், புலமை மிக்க கணபதி வாத்தியாரும் அத்தகையோர். சமயம், வழக்கம் ஆகியவற்றைப் பற்றிய வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடை மடல்கள் செருமானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஆலேயில் அச்சாயின. அவற்றுட் பெரும்பகுதி அழகப்பனுடையது என ஆய்வாளர் கருதுவர். தமிழில் எழுதப்பட்ட அம்மடல்கள் இன்று செருமானிய வடிவிலேயே பயிலப்படுகின்றன. ஒரு தமிழ் உரைநடை மரபினை அதன் மொழிபெயர்ப்பின் வழியே ஊகித்தறிய வேண்டிய நிலை இது. அச்சுப் பொறியின்முன் நிற்கும் மாணவர், அச்சிட்டார் யார் என்பதோடு, அச்சிடுதற்குரிய தமிழைத் தந்தார் யார் என்றும் வினவுதல் கடன்.

3. பூம்புகாரின் இரு கூடங்கள்

பூம்புகாரில் இரண்டு கூடங்கள் உள. 1973-இல் அமைக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் காப்பியக் காட்சிகளைக் கல்லில் காட்டுவது. அது 20-ஆம் நூற்றாண்டுச் சிற்பியர் காப்பியத்துக்கு வகுத்த உரை எனலாம். அவ்வகையில் அது சிறந்ததே. ஆயினும் பண்டைப் புகாரின் தோற்றத்துக்கு அது சான்று ஆகாது. 1997-இல் தொடங்கப்பட்ட கடலடி அகழ்வைப்பகமோ நிலத்தகழ்விலும் கடலாய்விலும் கிடைத்த பொருள்களுக்கு உரியது. இவ்விரண்டனையும் ஒரே நாளில் கண்டு ஒரே மூச்சில் மேற்கோள் காட்டுவதே பிழைக்கு வாயிலாகின்றது.

கடலடி அகழ்வைப்பகத்துள்ளும் காலங்கள் பலவாகும். அண்மைக் கடலில் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து எடுக்கப்பட்ட ஈயக் கட்டிகளில் பிளாக்கெட் என்னும் ஆங்கிலப் பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே அக்கப்பல் 1792-க்கு முன் மூழ்கியிருத்தல் இயலாது. எந்த ஆண்டில் மூழ்கியது என்பதனை அப்பொறிப்புக் கூறாது. பூம்புகார்க் கடலிலிருந்து வந்தது என்பதொன்றனாலே ஒரு பொருள் சோழர் காலத்ததாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கீழையூரில் 1960-களில் நடந்த அகழாய்வு, படகுத்துறை எனக் கருதப்படும் செங்கற் கட்டடத்தையும் மரத்தறிகளையும் வெளிப்படுத்தியது. தறியின் கரிமக் கணிப்பு கி.மு. நான்காம் அல்லது மூன்றாம் நூற்றாண்டைச் சுட்டியது. பட்டினப்பாலை போற்றும் துறைமுகத்துக்கு இது வலிய துணைச் சான்று. எனினும் கணிக்கப்பட்டது மரத்தின் வயதே. அதனின்று கட்டடத்தின் காலத்தை உய்த்துணர்கின்றோம். கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் 23 மீட்டர் ஆழத்தில் காணப்பட்ட குளம்பு வடிவ அமைப்பின் நிலை வேறு. அது மக்கள் ஆக்கியதா, எக்காலத்தது என்பன இன்னும் முடிவுறவில்லை. கீழையூர்த் துறையையும் இதனையும் ஒரே வரியில் வைத்துக் 'கடல்கொண்ட புகார்' என எழுதுவோர், உறுதியான சான்றின் மதிப்பையும் ஐயத்துக்குரியதனோடு சேர்த்துக் குறைத்துவிடுகின்றனர்.

4. முடிபு

சுவடிப் பதிப்பில் நாம் கைக்கொள்ளும் நெறி அருங்காட்சியகத்துக்கும் பொருந்தும். சுவடி எங்கிருந்து வந்தது எனக் குறிக்கின்றோம். மூலத்தையும் உரையையும் பிரித்து அறிகின்றோம். ஐயப்பாட்டினை ஐயப்பாடாகவே காட்டுகின்றோம். அங்ஙனமே, காட்சிப் பொருளுக்கு அது கிடைத்த இடம் சுவடியின் வரலாறு போன்றது. விளக்கப் பலகை உரை போன்றது. உரை இன்றியமையாதது, ஆயின் அது மூலம் அன்று. ஆய்வேட்டில் 'பூம்புகார் அருங்காட்சியகத்தில் உள்ளது' என்று எழுதுவதோடு அமையாது, கிடைத்த இடம், அகழ்ந்த ஆண்டு, காலம் துணிந்த வழி என்னும் மூன்றனையும் குறிக்கும் வழக்கத்தை முதுகலை வகுப்பிலேயே தொடங்குதல் வேண்டும். இவ்வொழுங்கு பழந்தமிழ்த் துறைமுகங்களின் பெருமையைச் சிறிதும் குறைக்காது. கீழையூர்த் தறியும் சடங்கன்பாடிக் கல்வெட்டும் தம் எல்லைக்குள் நின்று சொல்வனவே பிறர் மறுத்தற்கரிய சான்றுகளாம்.