முத்துக்கடலும் பனிப்பாளமும்

தூத்துக்குடியிலிருந்து தோணியேறிக் கிழக்கே சென்றால், வான்தீவு முதலிய சிறு தீவுகளைக் கடந்து, முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளை அடையலாம். பத்து முதல் இருபது மீட்டர் வரை ஆழமுள்ள நீரின் அடியில் அவை கிடக்கின்றன. முத்துக்குளிப்போர் அவற்றைப் 'பார்' என்பர்; தொல்லாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் விரைந்து மூழ்கி, மூச்சடக்கிச் சிப்பிகளை அள்ளி வந்த அவ்வீரர்களின் தொழில், 1961ஆம் ஆண்டுக் குளிப்போடு பெரும்பாலும் நின்றுவிட்டது. அவர்கள் கால் ஊன்றிய அந்தத் தரை என்றும் கடலடியாகவே இருந்ததா? இல்லை. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் அங்கே கால் நனையாமல் நடந்து சென்றிருக்கலாம்.

அக்காலத்தில் உலகத்து நீரின் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்து நிலத்தின்மேல் தங்கியிருந்தது. இன்றைய கனடா நாட்டையும், சுவீடன், நார்வே முதலிய வட ஐரோப்பிய நாடுகளையும் இரண்டு மூன்று கிலோமீட்டர் கனமுள்ள பனிப்பாளங்கள் மூடியிருந்தன. கடலிலிருந்து எழுந்த ஆவி பனியாய்ப் பெய்து, மீண்டும் கடலுக்கு ஓடி வராமல் அங்கேயே நின்றுவிட்டமையால், கடல்மட்டம் இன்றிருப்பதினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழம் பெரும்பகுதியில் பதினைந்து மீட்டருக்கும் குறைவு. ஆகவே தமிழகமும் இலங்கையும் அந்நாளில் ஒரே நிலமாய் இணைந்திருந்தன. மன்னார் வளைகுடாவின் தென்பகுதி மிக ஆழமாதலின் அது மட்டும் கடலாகவே இருந்தது.

இவற்றையெல்லாம் கண்டவர் எவரும் இல்லை. எழுதி வைத்தாரும் இல்லை. பின்னர் எவ்வாறு அறிந்தனர் என்று நீங்கள் கேட்கலாம். நகரும் பனிப்பாளம் தன் அடியிலுள்ள கற்களால் பாறைகளைக் கீறிச் செல்கிறது. பெரும் பாறைகளைச் சுமந்து சென்று, அயலூரில் இட்டுவிட்டு உருகிப்போகிறது. இத்தடயங்களைக் கொண்டு சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் லூயி அகாசி 1840இல், முன்னொரு காலத்தில் பனி மிகப் பரந்து கிடந்தது என்று நூலெழுதினார். பலர் நம்ப மறுத்தனர், பின்னர் உடன்பட்டனர்.

பனி பின்வாங்கிய வேகத்தை அளந்தவர் சுவீடன் நாட்டு கெரார்டு டி கீர் என்பவர். அவர் கையாண்ட முறை வியக்கத்தக்க எளிமையுடையது. நம் ஊர்க் குளத்தில் வெள்ளம் புகுந்தால் முதலில் மணலும், நீர் அசைவற்றபின் மெல்லிய சேறும் படிவதைப் பார்த்திருப்பீர்கள். பனிப்பாளத்தின் விளிம்பை ஒட்டிய நீர்நிலைகளிலும் இதுவே நிகழ்ந்தது. கோடையில் உருகிய நீர் பருமணலைக் கொணர்ந்து வெளிர் நிறப் படிவம் ஒன்றை இட்டது. குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்தபின், நீரில் மிதந்த நுண்சேறு மெல்லப் படிந்து கருநிறப் படிவமாயிற்று. வெளிர் ஒன்றும் கருமை ஒன்றும் சேர்ந்தால் ஓராண்டு. பனி வடக்கே விலகவிலக, வடபால் உள்ள இடங்களில் முதற்படிவம் பிந்தியே தொடங்கியிருக்கும் அல்லவா? டி கீரும் அவருடைய மாணவர்களும் மண்ணை வெட்டி, இப்படிவங்களை எண்ணி, ஓரிடத்து வரிசையை மற்றோர் இடத்து வரிசையோடு பொருத்திப் பார்த்தனர். இன்ன ஆண்டில் பனியின் விளிம்பு இன்ன இடத்தில் நின்றது என்று சொல்லக்கூடியதாயிற்று. ஸ்டாக்ஹோம் நகர்ப் பகுதியில் அது ஓராண்டிற்குச் சில நூறு மீட்டர் வீதம் பின்வாங்கியிருந்தது. 1910இல் அந்நகரில் கூடிய உலகப் புவியியல் மாநாட்டில் டி கீர் இம்முடிவுகளை எடுத்துரைத்தார்.

ஆனால் சேற்றுப் படிவம் பனியின் எல்லையைக் கூறுமேயன்றி அதன் கனத்தைக் கூறாது. மொத்தம் எவ்வளவு பனி உருகிற்று என்பதற்குக் கடலைத்தான் கேட்க வேண்டும். அதிலும் பனி கிடந்த நாடுகளின் கடலைக் கேட்டுப் பயனில்லை. பெருஞ்சுமையால் அமிழ்ந்திருந்த அந்நிலங்கள், சுமை நீங்கியபின் மேலெழுந்துகொண்டே இருக்கின்றன. சுவீடனின் வடகிழக்குக் கரை இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. அங்கே கடல் ஏறிற்றா, நிலம் ஏறிற்றா என்று பிரித்தறிதல் அரிது. பனியை அறியாத வெப்பநாட்டுக் கடல்களே நடுநிலை தவறாச் சான்றுகள்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படாஸை அடுத்த கடலடியில் ஆழத் துளையிட்டு, பண்டைய பவளங்களை எடுத்தனர். அவற்றுள் ஒருவகை ஆழங்குறைந்த நீரிலேயே வளர்வது. ஆகவே அது வளர்ந்த காலத்தைக் கணித்தால், அக்காலத்துக் கடல்மட்டமும் விளங்கிவிடும். 1989இல் ஃபேர்பேங்ஸ் என்பவர் வெளியிட்ட இவ்வாய்வால், கடல் ஒரே சீராக உயரவில்லை என்பது தெளிவாயிற்று. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன், ஐந்நூறு ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், அது பதினைந்து மீட்டருக்கு மேல் ஏறிற்று! பின்னர்த் தளர்ந்தும் விரைந்தும் உயர்ந்து, ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் அடங்கிற்று. இக்கணக்கின்படி, நம் முத்துப் பார்கள் நீரில் மூழ்கியது ஏறத்தாழ எட்டாயிரம் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எனலாம்.

கடல் தாழ்ந்திருந்த காலத்தின் தடம் நிலத்திலும் உண்டு. சாயர்புரம், நாசரேத்து, குதிரைமொழி ஆகிய பகுதிகளில் பரந்து கிடக்கும் செம்மணல் தேரிகளைக் கண்டிருப்பீர்கள். கடல் விலகி வெறுமையாய்க் கிடந்த மணலையும் காற்று வாரி வந்து இவற்றைக் குவித்தது என்பர். மணல்துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணிக்கும் புதுமுறையால், சில தேரிப் படிவங்கள் சுமார் 11,000 ஆண்டு முதல் 5,600 ஆண்டு வரை பழமையுடையன எனத் தெரிகிறது. தேரிகளில் கிடைக்கும் சிறு கற்கருவிகளைச் சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1956இல் எழுதினர். கடல் ஏறி வந்ததை ஒருகால் அக்கருவிகளைச் செய்த மக்களின் முன்னோர் கண்டிருக்கலாம்.

இராமேசுவரப் பகுதியில் இன்றைய கடல்மட்டத்திற்குச் சற்று மேலே இறந்த பவளப்பாறைகள் நிற்கின்றன. அவற்றின் வயது சுமார் நாலாயிரம் ஆண்டு என்று 1972இல் அறிவித்தனர். அப்படியாயின் கடல் இன்றைக்கும் மேலாக ஏறிப் பின் இறங்கியிருத்தல் வேண்டும். பனி உருகி முடிந்தபின், அது கிடந்த நாடுகளைச் சூழ்ந்த கடலடி மெல்லத் தாழ்ந்து தொலைவிலுள்ள நீரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டதே இதற்குப் பெருங்காரணம் எனக் கருதுகின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கடல்கோளைப் பற்றிய பழங்கதைகளைக் கேட்டவர், பனி உருகிய வரலாறே அவற்றுக்குச் சான்று எனத் துள்ளிவிடுவர். நிலம் மூழ்கியது உண்மை. ஆயின் அது கொற்கை நகரம் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது. மூழ்கியதும் கரையோரத் திட்டேயன்றித் தனிக்கண்டம் அன்று. கொற்கை கூறும் கதையோ நேர்மாறானது. பாண்டியரின் அத்துறைமுகம் இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. கால்டுவெல் அங்கே அகழ்ந்து, களிமண்ணுக்குக் கீழே கடல்மணலையும் சிப்பிகளையும் கண்டு 1877இல் எழுதினார். பொருநையாற்று வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே செல்ல, துறைமுகமும் கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், பின் புன்னைக்காயலுக்கும், இறுதியில் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது.

இன்று உலகக் கடல்மட்டம் மீண்டும் உயர்கிறது. ஆண்டொன்றுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவு. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் மட்டும் ஏழு மீட்டர் உயரும். அது எத்தனை காலத்தில் உருகும் என்பதைக் கணக்கிடுவோர், தம் கணக்கைப் பண்டைய பனிப்பாளங்களின் வரலாற்றோடு ஒத்துப் பார்த்தே நம்பத் துணிகின்றனர். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் ஏற்கெனவே நீருள் மறைந்தன. ஆயினும் அப்பழியைப் பனியின்மேல் மட்டும் சுமத்துதல் பொருந்தாது. அலைகளைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தது மனிதனின் கை. தேய்ந்துவந்த வான்தீவின் முன்னே இப்போது செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி, அலையின் வேகத்தைத் தணித்து வருகின்றனர்.