முகம் அடைபட்ட நாளுக்கு யார் பொறுப்பு?

பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் பட்டினவர் குடும்பங்கள் 'பாடு' என்றொரு முறையைத் தலைமுறைகளாகக் காத்து வருகின்றன. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் எந்த ஊரார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகியவை முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றன. ஊருக்குள் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. யாருக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கல் சொல்லும். இன்று வெறும் வலையோடு திரும்பியவருக்கு அடுத்த முறை இறால் குவியும் இடம் விழலாம். ஒருவருடைய கெட்ட நாளை இன்னொருவருடைய நல்ல நாள் தாங்குகிறது. காப்பீடு என்ற தொழில் நிற்பதும் இந்த ஒரே எண்ணத்தின் மேல்தான். ஆனால் கோடையில் மணல் மேடிட்டு முகம் அடைபட்டுவிட்டால் பாடு முறையால் ஒன்றும் செய்ய முடியாது. கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. அன்று எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே நேரத்தில் கெட்ட நாள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோதும் அப்படித்தான்: தாங்குவதற்கு மிச்சமாக ஒருவரும் இல்லை.

இந்த ஊர்களில் ஒருவர் இன்று என்னென்ன காப்பீடு பெற முடியும் என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தரும் பிரதமரின் திட்டம் இருக்கிறது. 436 ரூபாய்க்கு எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும் ஆயுள் காப்பீடு இருக்கிறது. மீனவர்களுக்கென்றே, பிரீமியத்தை அரசே கட்டி, விபத்தில் இறந்தால் 5 லட்சம் தரும் குழுக் காப்பீடும் உண்டு. உயிருக்கு இவ்வளவு மலிவாகப் பாதுகாப்புக் கிடைக்கிறது. முகம் அடைபட்டு மூன்று மாதம் அடுப்பு எரியாமல் போனால் அதற்கு எளிதில் வாங்கக்கூடிய பாலிசி இல்லை. இது காப்பீட்டு நிறுவனங்களின் கல்நெஞ்சம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விடை அவர்களுடைய கணக்கேட்டில் இருக்கிறது.

காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கும் பணம் பெரும்பாலும் அதன் பணம் அல்ல. மொய் நோட்டு வைத்திருக்கும் வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வாங்கியது வரவு என்றாலும், திருப்பிச் செய்ய வேண்டிய நாள் ஒன்று காத்திருக்கிறது. பாலிசிதாரருக்குக் கொடுத்த வாக்கு நிறுவனத்தின் பொறுப்பு; அந்த வாக்குக்காக வாங்கி வைத்த கடன் பத்திரமும் பங்கும் நிலமும் அதன் சொத்து. இரண்டின் தொகையும் சமமாக இருந்தால் மட்டும் போதாது, நாளும் பொருந்த வேண்டும். தீபாவளிச் சீட்டு பிடிப்பவர் ஊரார் பணத்தில் மனை வாங்கிப் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனையின் விலை ஏறியே இருக்கலாம். ஆனால் தீபாவளிக்கு முதல் வாரம் அதை விற்றுக் காசாக்க முடியாவிட்டால் அவர் வாக்குத் தவறியவர்தான். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. முப்பது ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு தருவேன் என்று வாக்களித்துவிட்டு ஐந்தாண்டுப் பத்திரத்தில் பணத்தைப் போட்டால், அது முதிரும்போது வட்டி விழுந்திருக்கும். வாக்கு மட்டும் விழாது. ஜப்பானில் 5 விழுக்காட்டுக்கு மேல் உறுதி தந்து பாலிசி விற்ற நிறுவனங்களுக்கு இதுதான் நேர்ந்தது. 1997இல் நிசான் மியூச்சுவல் வீழ்ந்தது. 2001க்குள் ஏழு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் மூழ்கின. நம் நாட்டில் 2023இல் ஐம்பதாண்டு அரசுக் கடன் பத்திரம் முதன்முறையாக வந்தபோது அதை ஆவலோடு எதிர்பார்த்திருந்தவை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள். அவ்வளவு நீண்ட வாக்குகளைச் சுமப்பவை அவையே.

இந்தக் கணக்குக்கும் பழவேற்காட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது முதல் 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இந்த ஊர்தான். அந்தக் காலத்துக்குள், 1671இல், அவர்களின் தாயகமான ஹாலந்தின் அரசியல் தலைவர் யோகன் டி விட் ஓர் அறிக்கை எழுதினார். அரசு போர்ச் செலவுக்காக மக்களிடம் மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு, ஆயுள் முழுக்க ஆண்டுத்தொகை தருவதாக வாக்களித்து வந்தது. ஆண்டுக்கு ஒரு கில்டர் தர 14 கில்டர் வாங்கிவந்தது. மனிதர் உயிரோடிருக்கும் வாய்ப்பையும் 4 விழுக்காடு வட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டால் 16 வாங்க வேண்டும் என்று அவர் காட்டினார். கொடுத்த வாக்குக்கு இன்றைக்கு என்ன விலை என்று ஓர் அரசு கணக்குப் போட்டுப் பார்த்த முதல் தருணங்களில் அது ஒன்று.

சரி, விபத்து மரணத்துக்குப் பாலிசி மலிவாக இருப்பதேன்? ஒரு குப்பத்தில் ஒருவர் படகு கவிழ்ந்து இறப்பதற்கும் தொலைவில் இன்னோர் ஊரில் ஒருவர் சாலையில் அடிபடுவதற்கும் தொடர்பில்லை. கோடிப் பேரிடம் 20 ரூபாய் சேர்ந்தால், ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடும். முகம் அடைபடுவது அப்படியல்ல. பல ஆண்டுகள் ஒன்றுமே கொடுக்க வேண்டியிராது. ஓராண்டு மொத்த ஏரிக்கும் கொடுக்க வேண்டிவரும். அந்த ஓராண்டுக்காகச் சும்மா கிடக்கும் முதலை வைத்திருக்க வேண்டும். தேவையான அளவைப் போல் ஒன்றரை மடங்கு இருப்பு வேண்டும் என்று நம் ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கும் விதி இத்தகைய ஆண்டுகளை மனத்தில் வைத்ததுதான். அந்த முதலுக்கான செலவையும் சேர்த்தால் பிரீமியம் மீனவர் கட்டும் அளவில் இருக்காது.

எல்ஐசியிடம் 2024 மார்ச்சில் 51 லட்சம் கோடி ரூபாய்ச் சொத்து இருந்ததே, அதிலிருந்து ஒரு துளி இங்கே வரக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்தப் பணத்தின் மிகப் பெரும் பங்கு ஏற்கெனவே வாக்களிக்கப்பட்டது. அதில் பழவேற்காட்டு வீடுகளின் பாலிசிகளும் இருக்கலாம். ஒருவருடைய முதிர்வுத் தொகையை எடுத்து இன்னொருவருடைய இழப்பை ஈடுசெய்வது பாடு அல்ல, ஒருவர் முறையை இன்னொருவர் பறிப்பது.

இன்னொரு மறுப்பு வலுவானது: அரசு நிவாரணம் இருக்கும்போது காப்பீடு எதற்கு? பேரிடருக்குப் பின் அரசு கொடுக்கிறது என்பது உண்மை. என் வாதம் இங்கேதான் நிற்கிறது: நிகழ்வுக்குப் பின் அறிவிக்கப்படும் நிவாரணம், எதிரே சொத்து வைக்கப்படாத பொறுப்பு. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதை அந்த ஆண்டின் நிதிநிலையும் செய்தித்தாளின் கவனமும் முடிவு செய்கின்றன. ஒரு காப்பீட்டு நிறுவனம் இப்படி நடந்தால் உரிமத்தை இழக்கும். முன்கூட்டியே ஒதுக்கும் வழியும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. மீனவர் 1,500 ரூபாய் சேமிக்க, மத்திய மாநில அரசுகள் 3,000 சேர்த்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம் கடல் மீனவர்களிடையே நடக்கிறது. தொகை சிறிது, எண்ணம் சரி. முகம் அடைபடும் ஆண்டுக்கும் அதே ஒழுங்கில் அரசு பணம் ஒதுக்கி, தாங்க முடியாத மேல்பகுதியை மறுகாப்பீட்டுக்கு அனுப்பினால், நிவாரணம் கணக்குள்ள வாக்காகும்.

கரீபியன் தீவுகளில் 2019இல் கிரெனடா, செயின்ட் லூசியா மீனவர்களுக்காகத் தொடங்கிய கோஸ்ட் திட்டம் இப்படி இயங்குகிறது. பிரீமியம் அரசின் பெயரில். காற்று, அலை, மழை ஆகியவற்றின் அளவு குறித்த எல்லையைத் தாண்டினால் வீடு வீடாக இழப்பை மதிப்பிடாமலே பணம் வரும். 2024இல் பெரில் புயலுக்குப் பிறகு கிரெனடாவுக்கு வந்தது. இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது: அளவு எல்லையைத் தொடாமல் போனால், வலை காய்ந்து கிடந்தாலும் காசு வராது. எனவே பழவேற்காட்டில் எதை அளப்பது என்பதுதான் முதல் வேலை. முகத்துவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் ஏரிநீரின் உப்பையும் மாதந்தோறும் அளந்து, சில ஆண்டுகள் பதிந்து வைத்தால்தான் பிரீமியத்துக்கு ஒரு விலையே சொல்ல முடியும்.

வந்த பணத்தைப் பிரிப்பது அதற்கடுத்த சிக்கல். பாடு வைத்திருக்கும் ஊர்ப் பஞ்சாயத்திடம் கொடுத்தால் தலைக்கட்டுக் கணக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தப் பட்டியலில் தலைக்கட்டு இல்லை. கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்களுக்கும் இல்லை. முகம் அடைபட்டால் இவர்கள் வருமானம்தான் முதலில் நிற்கும். திட்டம் எழுதும்போதே இவர்கள் பெயரைத் தனிப் பட்டியலாகச் சேர்க்க வேண்டும்.