விகுதி சொல்லும் செய்தி

பெருங்களத்தூர் ரயில் நிலையத்தில் நிற்கிறீர்கள். தாம்பரம் வழியாகக் கடற்கரை செல்லும் மின்சார ரயில் வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து நண்பன் தொலைபேசியில் அழைத்து, "எங்கே இருக்கிறாய்?" என்கிறான். "ரயிலில் ஏறுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்கிறீர்கள்.

இந்தப் பேச்சில் இரண்டு சொற்கள் இல்லை. கவனித்தீர்களா? நண்பன் 'நீ' என்று சொல்லவில்லை. நீங்கள் 'நான்' என்று சொல்லவில்லை. ஆனாலும் குழப்பம் ஏதும் ஏற்படவில்லை. 'இருக்கிறாய்' என்பதில் உள்ள 'ஆய்' என்ற விகுதி முன்னிலையைக் காட்டிவிட்டது. 'ஏறுகிறேன்' என்பதில் உள்ள 'ஏன்' தன்மையைக் காட்டிவிட்டது. இப்படி மறைந்து நிற்கும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள்.

இதே நிகழ்ச்சி ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் நடந்திருந்தால், அந்த மாணவன் 'சுபோ அல் த்ரென்' என்று சொல்லியிருப்பான். 'சுபோ' என்ற ஒரு சொல்லுக்கே 'ஏறுகிறேன்' என்பது பொருள். 'நான்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'யோ' என்ற சொல் உண்டு. ஆனால் அதை அவனும் சொல்லவில்லை!

20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் ஸ்பானிய மொழியை நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் வழியாகவே கற்கத் தொடங்குகிறோம். ஆங்கில நிகழ்காலத்தில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. ஆகவே அந்த வழியில் வருபவருக்கு ஒரே வினைக்கு ஆறு வடிவங்கள், மூன்று இன வினைகளுக்குப் பதினெட்டு வடிவங்கள் என்ற பட்டியல் மலைப்பைத் தருகிறது. வாக்கியந்தோறும் 'யோ, யோ' என்று சேர்க்கும் பழக்கமும் வந்துவிடுகிறது. தமிழ் வழியாகச் சென்றால் இந்த இரண்டு தொல்லைகளும் குறைகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

சொல்லைப் பிரிப்போம்

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு பகுபதத்தில் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்ற ஆறு உறுப்புகள் வரலாம் என்று கூறுகிறது. 'ஏறுகிறேன்' என்பதை ஏறு + கிறு + ஏன் என்று பிரிக்கிறோம். ஏறு பகுதி, கிறு நிகழ்கால இடைநிலை, ஏன் தன்மை ஒருமை விகுதி. தேர்வில் மதிப்பெண் பெற மட்டுமே இது பயன்படும் என்று எண்ணிவிடாதீர்கள். இதே கத்தியால் ஸ்பானியச் சொல்லையும் அறுக்கலாம்.

'தோமார்' என்றால் எடுத்தல். காபி, தேநீர் குடிப்பதற்கும் இச்சொல்லே வரும். அதன் நிகழ்கால வடிவங்கள் இவை:

எடுக்கிறேன் – தோமோ
எடுக்கிறாய் – தோமாஸ்
எடுக்கிறான், எடுக்கிறாள், எடுக்கிறது – தோமா
எடுக்கிறோம் – தோமாமோஸ்
எடுக்கிறீர்கள் – தோமாயிஸ்
எடுக்கிறார்கள், எடுக்கின்றன – தோமான்

(நெடில் எழுத்துகளை அதிகம் நீட்ட வேண்டாம். ஸ்பானிய மொழியில் குறில், நெடில் வேறுபாடு கிடையாது.)

எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கும் 'தோம்' பகுதி. அடுத்து வரும் 'ஆ' அந்த வினை எந்த இனத்தைச் சேர்ந்தது என்று காட்டும் உயிர். கடைசியில் விகுதி. தன்மை ஒருமைக்கு 'ஓ', முன்னிலை ஒருமைக்கு 'ஸ்', படர்க்கை ஒருமைக்கு ஒன்றுமில்லை. பன்மையில் முறையே 'மோஸ்', 'இஸ்', 'ன்'. 'ஓ' வரும் இடத்தில் மட்டும் இன உயிர் மறைந்துவிடுகிறது. நமது 'கிறு' போன்ற தனி இடைநிலை ஸ்பானிய நிகழ்காலத்தில் இல்லை.

இனி மற்ற இரண்டு இனங்கள். 'கோமேர்' என்றால் உண்ணுதல். இதில் இன உயிர் 'ஏ': கோமோ, கோமேஸ், கோமே, கோமேமோஸ், கோமேயிஸ், கோமேன். 'சுபிர்' என்றால் ஏறுதல்: சுபோ, சுபேஸ், சுபே, சுபிமோஸ், சுபிஸ், சுபேன். மூன்றாம் இனம் இரண்டாவதைப் போன்றதே. 'நாம்', 'நீங்கள்' என்ற இரண்டு இடங்களில் மட்டும் 'இ' தலைகாட்டுகிறது.

விகுதிகள் மூன்று இனங்களுக்கும் ஒன்றே என்பதைக் கண்டீர்களா? பதினெட்டு வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆறு இடங்களுக்குரிய விகுதிகளும் இன உயிரும் தெரிந்தால் போதும். மற்றவற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம்.

தமிழ் விலகும் இடங்கள்

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. நான்கு இடங்களில் எச்சரிக்கை தேவை.

முதலாவது, நமது விகுதி ஆண், பெண், அஃறிணை என்று பிரித்துக் காட்டுகிறது. ஸ்பானிய விகுதி காட்டுவதில்லை. 'தோமா' என்றால் எடுப்பது அவனா, அவளா என்று தெரியாது. ஐயம் வரும் இடத்தில் 'ஏல்' (அவன்) அல்லது 'ஏயா' (அவள்) என்று சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, 'தோமான்' என்ற சொல்லின் ஓசையில் மயங்காதீர்கள். நமக்கு 'ஆன்' ஒரு ஆணைக் குறிக்கும். அங்கே அது பலரைக் குறிக்கிறது.

மூன்றாவது, மரியாதை. ஒரு பெரியவரிடம் நாம் 'எடுக்கிறீர்கள்' என்று பன்மையில் பேசுகிறோம். ஸ்பானியர் 'உஸ்தேத்' என்ற சொல்லைப் பயன்படுத்தி, வினையைப் படர்க்கை ஒருமையில் 'தோமா' என்கிறார்கள். 'தங்கள் அருள்' என்பது போன்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உருவான சொல் அது. எதிரில் நிற்பவரிடமே "ஐயா காபி சாப்பிடுகிறாரா?" என்று கேட்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

நான்காவது, வழக்கமாகச் செய்வதை நாம் எதிர்காலத்தில் சொல்கிறோம்: "தினமும் காபி குடிப்பேன்." ஸ்பானிய மொழியில் அதற்கும் நிகழ்காலமே: 'தோமோ காஃபே'.

விதியை மீறும் வினைகளும் உண்டு. 'வா' என்ற பகுதி 'வருகிறேன்', 'வந்தேன்' என்று உருமாறுவதில்லையா? அதுபோல, 'செர்' (இருத்தல்) என்ற வினை சோய், எரெஸ், எஸ், சோமோஸ், சோயிஸ், சோன் என்று வரும். அங்கேயும் 'மோஸ்', 'இஸ்', 'ன்' எட்டிப் பார்க்கின்றன. தினமும் பலமுறை வாயில் புழங்கும் வினைகளே பெரும்பாலும் இப்படி இருக்கும். அடிக்கடி கேட்பதால் அவற்றின் விந்தை வடிவங்கள் நினைவில் நிலைத்துவிடுகின்றன.

உறவா, ஒற்றுமையா?

அப்படியானால் தமிழும் ஸ்பானியமும் உறவு மொழிகளா? இல்லை. தமிழ் திராவிடக் குடும்பம். ஸ்பானியம் இலத்தீனிலிருந்து பிறந்த இந்தோ-ஐரோப்பிய மொழி. மாறாக, நமது நெருங்கிய உறவான மலையாளத்தைப் பாருங்கள். 'ஞான் போகுன்னு', 'அவன் போகுன்னு' – வினை மாறவே இல்லை! அங்கே பெயரைச் சொல்லாவிட்டால் சூழலைக் கொண்டே ஆளை அறிய வேண்டும். ஸ்பானியத்தின் உடன்பிறப்பான பிரெஞ்சிலும் பல வினைகளின் நிகழ்காலத்தில் நான்கு வடிவங்கள் பேச்சில் ஒரே ஒலியாகிவிட்டன. எனவே எழுவாயைச் சொல்லியாக வேண்டும். உறவுள்ள மொழிகள் பிரிந்து செல்வதும், உறவில்லாத மொழிகள் ஒரே வழியைக் கண்டுபிடிப்பதும் மொழியியலில் காணும் உண்மைகள்.

நாம் நடந்த இந்தப் பாதையில் ஒருவர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறார். 1546-இல் இந்தியா வந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் என்றிக்கே என்றிக்கஸ், முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றார். அவரது தாய்மொழியான போர்ச்சுகீசியம் ஸ்பானியத்துக்கு மிக நெருங்கியது. அதன் வினைகளும் விகுதியால் ஆளைக் காட்டுபவை. தாம் அறிந்த இலத்தீன் இலக்கண முறையில் தமிழ் வினைகளை வரிசைப்படுத்தி அவர் ஓர் இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய மொழிபெயர்ப்பே. தெரிந்த இலக்கணத்தைப் படகாக்கித் தெரியாத மொழிக்குக் கடந்தார் அவர். நம் கையிலும் ஒரு படகு இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்: 'மிரார்' என்றால் பார்த்தல். 'கொர்ரேர்' என்றால் ஓடுதல். 'பார்க்கிறோம்', 'ஓடுகிறார்கள்' என்பவற்றை ஸ்பானியத்தில் எப்படிச் சொல்வீர்கள்? 'மிராமோஸ்', 'கொர்ரேன்' என்று உங்கள் விடை வந்திருந்தால், பாடம் புரிந்துவிட்டது. அடுத்த முறை ரயிலில் ஏறும்போது, 'நான்' என்று சொல்லாமலே நீங்கள் யார் என்பதைச் சொல்லிவிடும் அந்தச் சிறிய விகுதியை நினைத்துக்கொள்ளுங்கள்.